கரைசல் ஊற்றும் முன்: மாடித்தோட்டத்துக்கான திரவ இயற்கை உரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சி உறையூரில் என் வீட்டு மாடியில் 60 பைகளும் 20 தொட்டிகளும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் நாற்று வாங்க வருகிறவர்கள் போகும்போது படிக்கட்டில் நின்று ஒரு சந்தேகம் கேட்பார்கள். பஞ்சகவ்யம், மீன் அமிலம், புண்ணாக்குக் கரைசல் இவற்றில் ஏதோ ஒன்றைப் பற்றித்தான் இருக்கும். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதிவைத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன். பேச்சுவழக்கை மட்டும் திருத்தினேன்.

அக்கா, திரவ உரம் என்று எதையெல்லாம் சொல்கிறீர்கள்?

நொதிக்கவைத்துச் செய்பவை ஒரு வகை: சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேரும் பஞ்சகவ்யம், சாணமும் கோமியமும் வெல்லமும் சேரும் ஜீவாமிர்தம், அமிர்தக் கரைசல், மீன் கழிவில் செய்யும் மீன் அமிலம், தேங்காய்ப்பாலும் மோரும் சேரும் தேமோர்க் கரைசல். ஊறவைத்தோ வடித்தோ எடுப்பவை இன்னொரு வகை: கடலைப் புண்ணாக்குக் கரைசல், சாணக் கரைசல், வெர்மிவாஷ் எனப்படும் மண்புழுக் குளியல் நீர். கடையில் புட்டியில் வரும் கடற்பாசிச் சாறும் இந்தக் கூட்டத்தில் சேரும். அரிசி கழுவிய நீரையும் சேர்த்துக்கொள்ளலாம். அதில் சத்து குறைவு, ஆபத்தும் குறைவு. அன்றைக்கே ஊற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். உப்புப் போட்டு வேகவைத்த நீரை மட்டும் ஊற்றாதீர்கள்.

வேப்ப எண்ணெய் உரம் இல்லை, பூச்சி விரட்டி. அதையும் உரக் கணக்கில் எழுதிவைத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

இயற்கை உரம்தானே, கொஞ்சம் அதிகமானால் என்ன ஆகிவிடும்?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். நறுக்கிய மாங்காயில் உப்பைத் தூவி வையுங்கள். பத்து நிமிடத்தில் தட்டில் நீர் விட்டிருக்கும், துண்டு துவண்டிருக்கும். வேரைச் சுற்றியுள்ள நீரில் கரைந்த உப்புகள் அளவை மீறினால் இதேதான் நடக்கிறது. வேர் மண்ணிலிருந்து நீரை உறிஞ்ச முடியாமல் திணறும். நிலைமை முற்றினால் வேரிலிருந்தே நீர் வெளியேறும். அந்த உப்பு யூரியா மூட்டையிலிருந்து வந்ததா, நாட்டுமாட்டுக் கோமியத்திலிருந்து வந்ததா என்று வேர் விசாரிப்பதில்லை.

என் முதல் வருடத்தில் கடலைப் புண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, தண்ணீர் கலக்காமல், கொழகொழவென்று இருந்தபடியே 12 கத்தரிச் செடிகளுக்கு ஊற்றினேன். மறுநாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலையில் அடி இலைகளின் ஓரம் மட்டும், அப்பளம் சுடும்போது விளிம்பு தீய்வதைப்போல, பழுப்பாகச் சுருண்டிருந்தது. ஒரு வாரத்தில் 9 செடிகள் போய்விட்டன. மண்ணைக் கிளறினால் புளித்த நாற்றம். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் தேநீர் நிறத்தில் இருந்தது. அங்கே உப்பு மட்டும் குற்றவாளி இல்லை. மட்காத புண்ணாக்கு பைக்குள் அழுகும்போது நுண்ணுயிர்கள் காற்றை எல்லாம் இழுத்துக்கொள்கின்றன, அமோனியாவும் வெளிவருகிறது. வயலில் நாலு பக்கமும் பரவ இடமுண்டு. 12 அங்குலப் பையில் வேர் எங்கே ஓடும்?

சரி, எதற்கு எவ்வளவு தண்ணீர்? ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

பஞ்சகவ்யம் 3 சதவீதம், அதாவது ஒரு லிட்டர் நீருக்கு 30 மில்லி. கொடுமுடி மருத்துவர் நடராஜன் இந்தக் கலவையைப் பயிருக்கு ஏற்றபடி வடிவமைத்துப் பரப்பியவர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பதும் இந்த 3 சதவீதம்தான். மீன் அமிலம் இலையில் தெளிக்க லிட்டருக்கு 5 மில்லி, வேரில் ஊற்ற 10 மில்லி. அமிர்தக் கரைசலும் மண்புழுக் குளியல் நீரும் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நீர். புண்ணாக்கு என்றால் 100 கிராமை ஒரு லிட்டரில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, வடித்து, பிறகு அந்த வடிநீரைப் பத்து மடங்காக்க வேண்டும். நான் கோட்டைவிட்டது இந்தக் கடைசிப் படியைத்தான்.

கோடையில், குறிப்பாக அக்னி நட்சத்திர நாட்களில், இவை எல்லாவற்றிலும் பாதி போதும். பையிலுள்ள நீர் வேகமாக ஆவியாகிவிடும், உப்பு அங்கேயே தங்கிவிடும். காலையில் சரியாக இருந்த அளவு மாலைக்குள் அதிகமாகிவிடுகிறது.

5 மில்லியை எப்படி அளப்பது? நான் ஒரு மூடி ஊற்றுகிறேன்.

எந்தப் புட்டியின் மூடி? தண்ணீர்ப் புட்டியின் மூடி ஓர் அளவு, எண்ணெய்க் கேன் மூடி வேறோர் அளவு. இருமல் மருந்தோடு வரும் கோடு போட்ட சிறு கிண்ணம் ஒன்றைத் தோட்டத்துக்கென்று ஒதுக்கிவிடுங்கள். ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சு இன்னும் நல்லது. தோட்டத்துக்கு வந்தது மறுபடி மருந்து அலமாரிக்குப் போகக் கூடாது. அதன்மீது பெயின்டில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுங்கள்.

தண்ணீர் ஊற்றிய பிறகு உரமா, உரம் ஊற்றிய பிறகு தண்ணீரா?

முதலில் தண்ணீர். காய்ந்த மண்ணில் கரைசலை ஊற்றினால் தாகத்தில் இருக்கும் வேர் அதை அப்படியே குடித்துவிடும். காய்ந்து சுருங்கிய தென்னைநார்க் கழிவுக் கலவை என்றால் இன்னொரு தொல்லை: கரைசல் மண்ணுக்குள் இறங்காமல், பையின் ஓரமாக வழிந்து, அடித்துளை வழியே தரைக்குப் போய்விடும். உரத்தைத் தின்றது சிமென்ட் தரைதான்.

விரலை இரண்டாம் கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் ஊற்றலாம். 12 அங்குலப் பைக்கு 250 மில்லி அளவில் கலந்த கரைசல் போதும். தண்டில் படாமல், பையின் ஓரத்துக்கும் தண்டுக்கும் நடுவில் வட்டமாக ஊற்றுங்கள். அடியில் சொட்டத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள்.

வேரில் ஊற்றுவது நல்லதா, இலையில் தெளிப்பது நல்லதா?

சாப்பாடு வேரில்தான். இலைவழித் தெளிப்பு சீக்கிரம் பலன் காட்டும், ஆனால் இலை வாங்கிக்கொள்ளும் அளவு சிறியது. செடி வெளுத்துச் சோர்ந்திருக்கும்போதோ பூக்கும் முன்போ தெளிக்கிறேன். மற்ற நாட்களில் வேருக்குத்தான். தெளிப்பதானால் இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும். இலைத்துளைகள் பெரும்பாலான செடிகளில் அங்கேதான் அதிகம்.

பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து வடிகட்டாமல் தெளிப்பானில் ஊற்றாதீர்கள். மூக்கு அடைத்துக்கொண்டால் ஊசியால் குத்தத் தோன்றும், துளை பெரிதாகும், பிறகு பனிபோலத் தெளிக்க வேண்டியது மழைபோலக் கொட்டும். வாயால் ஊதி அடைப்பெடுப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். உள்ளே இருப்பது சாணமும் கோமியமும் என்பதை ஊதும் முன் ஒரு நொடி நினைத்துப் பாருங்கள்.

காலையா மாலையா?

இரண்டும் சரி, நடுப்பகல்தான் கூடாது. வெயில் ஏறிய பிறகு தெளித்தால் துளிகள் நொடியில் காய்ந்து, அதிலுள்ள உப்பு இலைமேல் செறிந்து பொட்டுப் பொட்டாகக் கருக்கும். நுண்ணுயிர்களுக்கும் கடும் வெயில் ஆகாது. காலை 8 மணிக்குள் முடிப்பது என் வழக்கம். மாலையில் செய்வதானால் இருட்டுமுன் இலை உலரும்படி 5 மணிக்கே தொடங்கிவிடுங்கள். இரவெல்லாம் ஈரமாகக் கிடக்கும் இலையில் பூஞ்சாணம் குடியேறும். விரிந்த பூக்களின்மேல் தெளிக்க வேண்டாம். மகரந்தம் நனைந்து வீணாகும், தேனீயும் வராது.

வாரம் ஒரு முறையா, மாதம் ஒரு முறையா?

பஞ்சகவ்யத்துக்குப் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கு: பூக்கும் முன் 15 நாளுக்கு ஒரு முறை, பூவும் பிஞ்சும் பிடிக்கும் காலத்தில் 10 நாளுக்கு ஒரு முறை, காய் முற்றும்போது ஒரே ஒரு முறை. மற்றக் கரைசல்களுக்கும் நான் இதையே பின்பற்றுகிறேன். பலர் செய்யும் பிழை, திங்களன்று பஞ்சகவ்யம், புதனன்று மீன் அமிலம், வெள்ளியன்று புண்ணாக்கு என்று பஞ்சாங்கம் போடுவது. ஒவ்வொன்றும் தனித்தனியே அளவோடுதான் இருக்கும். செடிக்கு அது வாரம் மூன்று விருந்து.

நாற்றுக்கு எப்போது தொடங்கலாம்?

முளைத்ததும் வரும் விதையிலை இரண்டும் விரிந்திருக்கும்போது ஒன்றும் வேண்டாம், அது தன் கட்டுச்சோற்றை விதையிலேயே கொண்டுவந்திருக்கிறது. உண்மையான இலை நான்கு வந்த பிறகு, மேலே சொன்ன அளவில் பாதி. பிடுங்கி நடும்போது வேரை 3 சதவீதப் பஞ்சகவ்யத்தில் 20 நிமிடம் நனைத்து நடலாம். விதைக்கும் அதே 20 நிமிடம்தான். மஞ்சள், இஞ்சிக் கிழங்குக்கு 30 நிமிடம். நட்ட பிறகு இரண்டு வாரம் தண்ணீர் மட்டும். அறுந்த சிறு வேர்கள் ஆறட்டும்.

எங்கள் வீட்டில் குழாய்த் தண்ணீர்தான். குளோரின் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடாதா?

அகலமான வாளியில் பிடித்து, ஓர் இரவு திறந்தபடி வைத்தால் குளோரின் பெரும்பாலும் பறந்துவிடும். நீரை ஊற்றி ஆற்றினால் இன்னும் சீக்கிரம். கொசு வராமல் மேலே துணி கட்டுங்கள்.

குளோரினைவிட என்னைக் கவலைப்படுத்துவது உப்புத்தண்ணீர் ஆழ்குழாய்க் கிணறுதான். ஏற்கனவே உப்புள்ள நீரில் உரத்தையும் கலந்தால் இரண்டு உப்பும் கூடிக்கொள்ளும். மண்தொட்டியின் வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்திருந்தால் அதுதான் அடையாளம். அப்படிப்பட்ட வீடுகளில் கரைசலைப் பாதி அளவாக்கி, மழைநீர் கிடைக்கும்போது அதில் கலக்கச் சொல்கிறேன்.

மீன் அமிலத்தைக் காற்றுப் புகாமல் இறுக்கி மூட வேண்டும் என்கிறார்களே?

அப்படித்தான் நானும் மூடினேன். மீன் கழிவு ஒரு கிலோ, நாட்டுச்சர்க்கரை ஒரு கிலோ, இரண்டு லிட்டர் குளிர்பானப் புட்டி. ஆறாம் நாள் மதியம் மாடியில் பட்டாசு வெடித்ததுபோல் சத்தம். கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி, காயப்போட்டிருந்த போர்வை என எல்லாவற்றிலும் மீன். நல்ல வேளை, அப்போது மாடியில் யாரும் இல்லை.

நொதிக்கும்போது கரியமில வாயு உண்டாகிக்கொண்டே இருக்கும். வாய் அகன்ற பிளாஸ்டிக் பாத்திரத்தில் முக்கால் பங்குக்குமேல் நிரப்பாதீர்கள். முதல் இரண்டு வாரம் மூடியைத் தளர்வாக வையுங்கள், அல்லது துணி கட்டுங்கள். மூடியிருந்தால் தினம் ஒரு முறை முகத்தை விலக்கிக்கொண்டு மெல்லத் திருகுங்கள். ‘உஸ்’ என்று அடங்கும்வரை முழுக்கத் திறக்க வேண்டாம். கண்ணாடிப் புட்டி வேண்டவே வேண்டாம். செம்பு, பித்தளை, இரும்புப் பாத்திரமும் கூடாது, புளிப்பு உலோகத்தை அரிக்கும். மூன்று வாரத்துக்குமேல் ஆகி, சதை கரைந்து, தேன் பதத்தில் பழ வாசனை அடித்தால் வடித்துவிடலாம்.

தயாரான பிறகும் குளிர்பானப் புட்டியில் வைக்காதீர்கள். நிறமும் அதேபோல இருக்கும், வாசனையும் கொஞ்சம் இனிக்கும். வெயிலில் விளையாடிவிட்டு வரும் பிள்ளைக்கு அது குளிர்பானம்தான். பெயர், செய்த தேதி இரண்டையும் எழுதி ஒட்டி, எட்டாத உயரத்தில் நிழலில் வையுங்கள்.

பஞ்சகவ்யத்தின் மேலே வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது. கொட்டிவிடலாமா?

வெள்ளைப் படலம் பயப்பட வேண்டியதில்லை, கலக்கிவிடுங்கள். தினம் இரு வேளை கலக்காததால் வருவது அது. கறுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ பூத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் கொட்டிவிடுங்கள். நல்ல பஞ்சகவ்யம் புளித்த மோரும் பழமும் கலந்ததுபோல் மணக்கும். மூக்கைச் சுளிக்கவைக்கும், குமட்டாது.

புழு நெளிந்தால் ஈ முட்டையிட்டிருக்கிறது என்று பொருள். துணி சரியாகக் கட்டவில்லை. வடித்துவிட்டுப் பயன்படுத்துபவர்கள் உண்டு. எனக்கு மனம் ஒப்பாது, மரத்தடியில் குழிதோண்டி ஊற்றிவிடுவேன். முறையாகக் கலக்கி வைத்தால் பஞ்சகவ்யம் ஆறு மாதம் தாங்கும். ஜீவாமிர்தம் ஒரு வாரம்தான்.

கலந்து மீந்ததை அடுத்த வாரம் ஊற்றலாமா?

கூடாது. தண்ணீர் சேர்த்த கரைசல் அன்றைக்கு மட்டும்தான். மீந்தால் முருங்கையடியிலோ மட்கு தொட்டியிலோ ஊற்றிவிடுங்கள். வாளியில் விட்டுவைத்தால் நாலே நாளில் கொசுப்புழு ஆடும். பைகளுக்கு அடியில் தட்டு வைத்திருப்பவர்கள் அதில் தேங்குவதையும் அன்றன்றே கொட்டுங்கள். டெங்குக் கொசுவுக்குத் தட்டில் நிற்கும் நீரே போதும்.

கீரைக்குச் சாணக் கரைசல் தெளிக்கலாமா? சிலர் தினமும் தெளிக்கிறார்கள்.

இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும். சாணம் நமக்குப் புனிதம், வாசல் தெளிக்கிறோம். ஆனால் பசு எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தாலும் அதன் குடலில் ஈ.கோலை போன்ற கிருமிகள் இருக்கும். அவற்றில் சில மனிதருக்குக் கடும் வயிற்றுப்போக்கைத் தருபவை. ஒரு மாதம் புளிக்கும் பஞ்சகவ்யத்தில் புளிப்பு ஏறிக் கிருமிகள் குறைய வாய்ப்புண்டு. 24 மணி நேரத்தில் தயாராகும் அமிர்தக் கரைசலுக்கும் 48 மணி நேர ஜீவாமிர்தத்துக்கும் அந்த அவகாசம் இல்லை. நல்ல நுண்ணுயிர் பெருகட்டும் என்று நாம் போடும் வெல்லம் கெட்டவற்றுக்கும் தீனிதான்.

அமெரிக்காவின் இயற்கை வேளாண்மை விதிகளில் மட்காத சாணத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. உண்ணும் பகுதி மண்ணைத் தொடும் பயிரென்றால் சாணம் இட்டதற்கும் அறுவடைக்கும் இடையே 120 நாள் இருக்க வேண்டும், தொடாத பயிரென்றால் 90 நாள். நம் சிறுகீரை 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடுகிறது. ஆகவே கீரைப் பைக்கு நான் வைத்திருக்கும் வழி: விதைக்கும் முன்பே நன்றாக மட்கிய எருவை மண்ணில் கலந்துவிடுவது, பிறகு தேவைப்பட்டால் வடித்த புண்ணாக்குக் கரைசலை வேரில் மட்டும் விடுவது. சாணம் சேர்ந்த எதையும் இலையில் தெளிப்பதில்லை.

கீரையை வேகவைத்து உண்கிறோம் என்பது ஓரளவு காப்பு. ஆனால் கொத்தமல்லியும் புதினாவும் பச்சையாகவே சட்னிக்குப் போகின்றன. துளசி, கற்பூரவள்ளி, வெற்றிலை மூன்றையும் அப்படியே வாயில் போடுகிறோம். வெள்ளரிப் பிஞ்சைக் கொடியிலிருந்து பறித்து, சட்டையில் துடைத்துக் கடிக்காத பிள்ளை எந்த வீட்டிலாவது உண்டா? இவற்றில் எல்லாம் சாணத் தெளிப்பே வேண்டாம். எதைப் பறித்தாலும் ஓடும் நீரில் நன்றாகக் கழுவுங்கள். வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ முதியவரோ இருந்தால் இதில் சமரசம் செய்துகொள்ளாதீர்கள்.

கையுறை போட வேண்டுமா? என் தாத்தா வெறும் கையால் சாணம் கரைத்தவர்.

தாத்தாவுக்குக் கையில் வெட்டு இருந்ததா என்பதுதான் கேள்வி. ரணஜன்னி எனும் டெட்டனஸ் கிருமியின் விதைத்துகள்கள் மண்ணிலும் சாணத்திலும் இயல்பாக இருப்பவை. ரோஜா முள் குத்திய கையோடு கரைசலில் கைவிடாதீர்கள். டெட்டனஸ் தடுப்பூசி போட்டு நாளாகிவிட்டால் மருத்துவரிடம் கேளுங்கள். தெளிக்கும்போது கண்ணாடி, முகத்தில் ஒரு துணி, காற்று முதுகில் படும்படி நின்று வேலை. பூசணம் பிடித்த புண்ணாக்கை உடைக்கும்போது கிளம்பும் தூளையும் சுவாசிக்க வேண்டாம். மீன் வாடைக்கு நம் சமையலறை வைத்தியம்தான்: சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு கொஞ்சம் புளியைத் தேய்த்துக் கழுவுங்கள்.

ஓர் எச்சரிக்கையைத் தனியாகச் சொல்கிறேன். கோமியமோ மீன் அமிலமோ இருந்த டிரம்மைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவாதீர்கள். கோமியத்தின் அமோனியாவோடு அது சேர்ந்தால் நுரையீரலைத் தாக்கும் வாயு வரும். புளித்த கரைசலோடு சேர்ந்தாலும் குளோரின் வாயு கிளம்பும். வெறும் தண்ணீர், தேங்காய் நார், வெயில் போதும். பெரிய தொட்டியில் செய்பவர்கள் தலையை உள்ளே விட்டுக் கலக்கவும் கூடாது. நீண்ட கழி எதற்கு இருக்கிறது?

நாய் வளர்க்கிறோம். மீன் அமிலம் ஊற்றினால் பையைத் தோண்டிவிடுகிறது.

ஊற்றிய உடனே கால் அங்குலம் மண்ணோ காய்ந்த இலையோ போட்டு மூடி, ஒரு குவளை நீர் விடுங்கள். நாயும் பூனையும் பெருச்சாளியும் வாடையைத் தேடித்தான் வருகின்றன. இனிப்புக்கு எறும்பும் வரும்.

அதைவிட முக்கியமானது ஆமணக்குப் புண்ணாக்கு. சில உரக்கடைகளில் கடலை, வேம்பு, ஆமணக்கு மூன்றையும் பக்கத்துப் பக்கத்து மூட்டையில் வைத்திருப்பார்கள். ஆமணக்கில் உள்ள ரைசின் கொடிய நஞ்சு. அந்தப் புண்ணாக்கு வாசனைக்கு நாய் ஆசையாகத் தின்னும், உயிர்போகும். நாயோ ஆடோ தவழும் குழந்தையோ உள்ள வீட்டில் அதை வாங்கவே வேண்டாம்.

பஞ்சகவ்யத்தையும் மீன் அமிலத்தையும் சேர்த்தே தெளித்துவிட்டால் வேலை மிச்சம் இல்லையா?

வேலை மிச்சம், செடிக்கு இரட்டைச் சுமை. கட்டாயம் சேர்க்க வேண்டுமானால் ஒவ்வொன்றும் பாதி அளவு. தாமிரம் கலந்த பூஞ்சாணக்கொல்லியை எந்த நுண்ணுயிர்க் கரைசலோடும் சேர்க்காதீர்கள். கொல்வதற்கென்றே செய்தது அது. நல்லது கெட்டது பார்க்காது. இடையே பத்து நாள் விடுங்கள். இலையில் ஒட்டட்டும் என்று சோப்புச் சேர்ப்பவர்கள் லிட்டருக்கு இரண்டு மூன்று சொட்டோடு நிறுத்துங்கள், பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம்.

மிளகாய்ச் செடி காடுபோல் வளர்ந்திருக்கிறது, பூவே இல்லை. இன்னும் உரம் வேண்டுமோ?

உரம் அதிகமாகிவிட்டது. கரும்பச்சையாக, மெத்தென்று, இலை மட்டும் பெருத்திருந்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) மிஞ்சியிருக்கிறது. அந்த இளந்தளிர்ச் சாற்றுக்குத்தான் அசுவினி கூட்டமாக வரும். பூச்சி வந்ததென்று மறுபடி ஒரு கரைசலைத் தேடி ஓடுவோம். நான்கு வாரம் எதுவும் ஊற்றாதீர்கள். நல்ல வெயிலில் வைத்து, தண்ணீரை மட்டும் கவனியுங்கள்.

தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அழுகுகிறது. முட்டை ஓட்டுக் கரைசல் ஊற்றினேன், நிற்கவில்லை.

சுண்ணாம்புச் சத்துக் குறைபாடு என்பது சரிதான். ஆனால் பெரும்பாலும் சத்து மண்ணில் இருக்கிறது, காய்க்குப் போய்ச் சேரவில்லை. அது தண்ணீரோடுதான் பயணம் செய்யும். ஒரு நாள் வெள்ளம், இரண்டு நாள் வறட்சி என்று நீர் விட்டால் காயின் அடிநுனிக்கு எட்டாது. தழைச்சத்து மிகுந்த கரைசலை அடிக்கடி ஊற்றுவதும் இதை மோசமாக்கும். முட்டை ஓடு கரைய மாதக்கணக்கில் ஆகும். இந்தக் காய்க்கு உதவாது. தினமும் ஒரே அளவு நீர், மண்ணுக்கு மூடாக்கு, அதாவது மேலே காய்ந்த இலைப் போர்வை. கறுத்த காய்களைக் கிள்ளி எறியுங்கள், அடுத்த கொத்து தேறிவிடும்.

அளவு தெரியாமல் ஊற்றிவிட்டேன். இலை ஓரம் கருகுகிறது. பிழைக்குமா?

இரண்டாவது கேள்வியில் சொன்ன அப்பள விளிம்பு தெரிந்த அன்றே இறங்கினால் பல செடிகள் பிழைக்கும். அடித்துளை அடைபட்டிருக்கிறதா என்று முதலில் குச்சியால் குத்திப் பாருங்கள். பிறகு வெறும் நீரை மெல்ல மெல்ல, பையின் கொள்ளளவுக்கு இரண்டு மடங்காவது, அடியில் நிறமில்லாமல் வடியும்வரை ஊற்றுங்கள். புண்ணாக்குக் கட்டி மேலே கிடந்தால் அதற்கு முன்பே சுரண்டி எடுத்துவிடுங்கள். மூன்று நான்கு நாள் நிழலில் வையுங்கள். மேல்மண் காயும்வரை அடுத்த நீர் வேண்டாம், கழுவிய மண்ணில் வேருக்குக் காற்றுத் தேவை.

கருகிய இலை மறுபடி பச்சையாகாது, அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பார்க்க வேண்டியது நுனித் தளிரைத்தான். மூன்று வாரத்துக்கு உரப் பக்கமே போகாதீர்கள். ‘சோர்ந்திருக்கிறதே, கொஞ்சம் பஞ்சகவ்யம் கொடுக்கலாமா’ என்று கேட்டு மறுநாளே வந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஐப்பசி கார்த்திகை மழையில் ஊற்றலாமா?

மழை வரப்போகும் நாளில் ஊற்றினால் சாக்கடைக்குத்தான் உரம். இரண்டு நாள் வெறித்த பிறகு, வழக்கமான அளவில் ஊற்றுங்கள். ‘மழையில் கரைந்துபோயிருக்கும்’ என்று இரட்டிப்பாக்க வேண்டாம். தரையில் தோட்டம் வைத்திருப்பவர்கள் கிணற்றையும் ஆழ்குழாயையும் ஒட்டி எதையும் ஊற்றாதீர்கள்.

கடையில் வாங்கும் பஞ்சகவ்யத்தை நம்பலாமா?

ஒரு முறை நான் வாங்கிய கேனில் சாயத்தண்ணீர்போல் ஏதோ இருந்தது, வாசனையே இல்லை. வேறொரு முறை வாங்கியது கேனே உப்பிப்போய் வந்தது. முதலாவது செத்தது, இரண்டாவது உயிரோடு இருப்பது. தயாரித்த தேதி, கலக்கும் அளவு இரண்டும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். எந்தப் புதிய கேனையும் முதலில் ஒரே ஒரு செடிக்கு, சொன்ன அளவில் பாதியாக ஊற்றி ஐந்து நாள் பாருங்கள். நான் அதற்கென்று ஒரு தொட்டிக் காசித்தும்பை வைத்திருக்கிறேன். மெல்லிய இலை, முதலில் அதுதான் முகம் சுருக்கும்.

கீழ் வீட்டில் வாடை அடிக்கிறது என்று சண்டைக்கு வருகிறார்கள். என்ன செய்வது?

அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. கைப்பிடிச் சுவரை ஒட்டிய பைகளுக்குத் தெளிக்காமல் வேரில் ஊற்றுங்கள். காற்றடிக்கும்போது தெளிப்பானை எடுக்காதீர்கள். அடியில் சொட்டும் பழுப்பு நீர் சுவரில் கோடுபோட்டால் சுண்ணாம்பு அடித்தாலும் தெரியும், ஆகவே தட்டு வைத்து அன்றே கொட்டிவிடுங்கள். மீன் அமிலம் கலக்கும் மாலைகளில் நான் கீழ் வீட்டு அம்மாவிடம் மதியமே சொல்லிவிடுவேன். அவர் கொடியிலிருக்கும் துணியை எடுத்துக்கொண்டு சன்னலைச் சாத்திவிடுவார். வெண்டை காய்க்கும் நாட்களில் முதல் கூறு அவர் வீட்டுக்குப் போகும்.